தார்ப்பாயில் மழை

ஓசூரிலிருந்து பொம்மசந்திரா போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் அவர் யாரையாவது திட்டிக்கொண்டேதான் ஏறுவார். டிசைன் பிரிவுக்காரர். மே மாதத்திலும் ஸ்வெட்டர் போட்டிருப்பார். டிபன் கேரியரின் மேல்தட்டில் சாப்பாடு இருக்காது. நசுங்கக் கூடாதென்று கம்ப்யூட்டர் பிளாப்பி டிஸ்க்குகளை அடுக்கி வைத்திருப்பார். வீட்டுக் கம்ப்யூட்டரில் அவர் எழுதிக்கொண்டிருந்த லாரி ஓட்டும் கேம் அவற்றில்தான் இருந்தது.

ஒருநாள் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் பஸ் நின்றபோது வெடித்தார். "மறுபடியும் புதுசு விடறானாம் சார்!"

கேம் எழுதுபவர் கேட்கும் படத்தைத் திரையில் வரைந்து தரும் கிராபிக்ஸ் இன்டர்பேஸின் புதுப் பதிப்பைத்தான் சொன்னார்.

"போன தடவை விட்டப்பவே எல்லாத்தையும் மாத்தி எழுதினேன். இப்ப அதையும் தூக்கிப் போடணுமாம். எவனோ அமெரிக்கால உக்காந்து முடிவு பண்ணுவான், இங்க நான் தூக்கம் கெட்டுச் சாகணுமா?"

எனக்கே கோபம் வந்தது. "பழசுலயே முடிச்சிடுங்க. புதுசைத் தொடவே தொடாதீங்க" என்றேன்.

அவர் என்னை முறைத்தார். "தொடாம இருக்கிறதா? அதுல மழை பேஞ்சா லாரியோட தார்ப்பாய் பளபளன்னு தெரியுமாம் சார். எப்ப வரும்னுதான் சொல்லித் தொலைய மாட்டேங்கிறான், பாவி!"

வெளியே லாரிகள் ஒவ்வொன்றாகச் செக்போஸ்ட்டைத் தாண்டிக்கொண்டிருந்தன. கேமில் அவருடைய லாரி எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டேன்.

"ஷெட்டுலயேதான் நிக்குது" என்றார்.

இன்றும் மழையில் தார்ப்பாய் பளபளக்க ஒரு லாரி கடந்துபோனால் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் அமெரிக்காவில் இருக்கும் அந்த எவனோ ஒருவன் மேலா, இவர் மேலா என்பதுதான் பிடிபடவில்லை.