பன்னிரண்டுக்கு மேல் ஆரம்பி

போன வெள்ளிக்கிழமை என் மகளுக்குக் கிடைக்கவிருந்த வேலைக்கு உலை வைத்தது வேறு யாருமில்லை... நான்தான்.

சென்னையில் அவள் கம்பெனி ஆட்குறைப்பு செய்தது. கொடுத்திருந்த லேப்டாப்பையும் வாங்கிக்கொண்டது. கோவில்பட்டிக்கே வந்துவிட்டாள். அவள் அம்மா காலமான பிறகு நான் ஒற்றை ஆளாக இருந்த வீடு.

புதிதாக ஒரு கம்பெனி கூப்பிட்டிருந்தது. பன்னிரண்டரைக்கு ஆன்லைன் டெஸ்ட். அதற்குமுன் என் பழைய கம்ப்யூட்டரில், புரோகிராம் எழுதுகிற எடிட்டர் என்ற சாஃப்ட்வேரைப் போட்டு, எங்கேயோ இருக்கும் கிளவுட் சர்வரோடு இணைக்க வேண்டும். பத்தரைக்கே உட்கார்ந்தாள்.

"ஏட்டி, பன்னெண்டு வரைக்கும் ராகு காலம்லா? கழியட்டும், பொறவு ஆரம்பி."

"இது வெறும் செட்டப்புதாம்ப்பா."

"எதுன்னாலும் ஆரம்பம் ஆரம்பந்தான. அரை மணி நேரம் பத்தாதாக்கும்?"

மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். வேலை போனதிலிருந்து அவள் எதற்கும் எதிர்த்துப் பேசுவதில்லை.

எடிட்டர் என்றால் ஏதோ ஒரு ஃபைலைத் திறப்பது மாதிரி என்று நினைத்திருந்தேன். பன்னிரண்டுக்கு மேல்தான் புரிந்தது. முதலில் டவுன்லோடு. அப்புறம் அதோடு சேர்க்க வேண்டிய எக்ஸ்டென்ஷன்கள் — ஒன்றைப் போட்டால் அது இன்னொன்றைக் கேட்கிறது. கடைசியில் கிளவுடுக்குள் நுழையப் போனால், 'கம்ப்யூட்டரை அப்டேட் செய்' என்று நின்றுவிட்டது. அப்டேட் ஓடிக்கொண்டே இருந்தது. டெஸ்ட் அவள் இல்லாமலே தொடங்கி, முடிந்தும் போனது.

நான் பிறந்த நாகலாபுரத்தில் மழை பெய்தால், ஈரம் காய்வதற்குள் விதைக்க ஓடுவார்கள். அப்போது யாராவது ராகு காலம் பார்த்தார்களா? படித்து, டவுனுக்கு வந்து, மாதச் சம்பளம் வாங்கியவனுக்குத்தான் நல்ல நேரத்துக்குக் காத்திருக்கும் வசதி.

சாயங்காலம் மெதுவாகக் கேட்டேன். "இன்னொரு தடவை வாய்ப்பு கேட்டு மெயில் போட்டியா, தாயி?"

"போட்டேன்."

"என்ன காரணம் எழுதுன?"

"ஊர்ல கரண்ட் இல்லன்னு."

"அது பொய்யில்லா?"

"பொறவு? எங்கப்பா ராகு காலம் பாத்தாவன்னு எழுதவா?"

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

இன்னும் பதில் வரவில்லை. எடிட்டர் எப்போதோ தயாராகிவிட்டது. கறுப்புத் திரையில் கர்சர் மட்டும் துடிக்க, அதன்முன் உட்கார்ந்திருக்கிறாள். நான் காபி வைக்கிறேன், ஆறியதும் எடுத்துப்போகிறேன்.

என்னைத் திட்டித் தொலைத்திருந்தாலாவது, வீட்டில் இரண்டு பேர் இருப்பது தெரிந்திருக்கும்.