மாமாவின் பிக் ஷாட்

அம்மாவின் தம்பிக்கு, அதாவது எங்கள் மாமாவுக்கு, சின்ன மனிதர்கள் யாரையுமே தெரியாது. ரேஷன் கடைக்காரர் ‘வி.ஐ.பி.’, பக்கத்துத் தெரு ஹெட்கிளார்க் ‘டாப் லெவல்’. நுங்கம்பாக்கத்தில் ஒருவர் இருந்தார், அவர் ‘பிக் ஷாட்’. அதற்கு மேல் இங்கிலீஷில் வார்த்தையே கிடையாது என்று எட்டு வயதில் நான் நம்பினேன்.

அக்காவுக்குத் திருச்சியில் டீச்சர் ட்ரெயினிங் இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் சம்மதக் கடிதம் போய்ச் சேர வேண்டும். அம்மாவுக்கோ அவ்வளவு தூரம் அனுப்ப மனசில்லை.

“எதுக்குக்கா திருச்சி? மெட்ராஸ்லயே வாங்கிடலாம். பிக் ஷாட் ஒரு போன் போட்டா போதும், ஃபுல் இன்ஃப்ளூயன்ஸ்!” என்றார் மாமா.

அப்பா தான் எழுதி வைத்த சம்மதக் கடிதத்தைத் தபாலில் போடாமல் காலண்டருக்குப் பின்னால் செருகிவிட்டார். அக்கா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை நான் அடம்பிடித்து மாமாவோடு மின்சார ரயில் ஏறினேன். அவர் சட்டைப்பையில் ஓர் எலுமிச்சம்பழம், பெரியவர் கையில் கொடுக்க.

“ஐயா பிஸியா கீறாரு. ஓரமா நில்லு சார்” என்றார் பங்களா வாட்ச்மேன். தெருவில் நிற்கும்போதே மாமா செருப்பைக் கழற்றிவிட்டார். எனக்குக் கால் கடுத்தது. “இன்னும் எவ்ளோ நேரம் மாமா?” என்று பிடுங்கி எடுத்தேன். உச்சி வெயிலில் ஒரு கார் வெளியே வந்தது. மாமா பழத்தை நீட்டிக்கொண்டு கூடவே ஓடினார். கண்ணாடி இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், “உள்ள கூப்பிட்டு, உக்கார வெச்சுப் பேசினாருக்கா. மேட்டர் முடிஞ்சுது” என்றார் மாமா.

எனக்குப் பொறுக்கவில்லை. போன உடனே உள்ளே கூப்பிட்டால் அவர் என்ன பிக் ஷாட்? மாமாவின் மானம் என்ன ஆவது?

“இல்லம்மா! அவர் எவ்ளோ பெரிய ஆள் தெரியுமா? மாமா செருப்பைக் கழட்டிட்டு மூணு மணி நேரம் நின்னாரு! பின்னாடியே ஓடினாரு, கார் நிக்கவே இல்ல!”

அப்பா எழுந்து காலண்டருக்குப் பின்னாலிருந்து கடிதத்தை எடுத்தார். அக்கா அதைப் பிடுங்கிக்கொண்டு தபாலாபீசுக்கு ஓடினாள். அம்மா கொடுத்த காபியை மாமா குடிக்கவில்லை.

அக்கா திருச்சிக்குப் போனாள். மாமா அதற்கப்புறம் பல மாதம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலைப் பார்த்துப் பார்த்து எனக்கு எரிச்சலாக வந்தது. அவரைப் பற்றி அவ்வளவு பெருமையாகப் பேசினேனே, ஒரு தேங்க்ஸ்கூடச் சொல்லாமல் போய்விட்டாரே என்று.