வாய்க்கால் துரை

தோட்டத்து லயத்தில் ஒவ்வொரு வீட்டு வாசலின் முன்னும் நின்று, தொப்பியைக் கழற்றி, இடுப்புவரை குனிந்து நிமிர்ந்த பிறகுதான் ஒகுமுரா அடுத்த வாசலுக்கு நகர்வார். வாசலில் நாய் மட்டும் படுத்திருந்தாலும் அதே குனிதல்தான். சப்பான்காரனைக் கண்டு நாம் குனியாவிட்டால் அறை விழுகிற காலம் அது. இவரோ தானே முந்திக்கொண்டார். பதிலுக்குக் குனிவதா, ஓடி ஒளிவதா என்று தெரியாமல் ராக்கம்மா கதவிடுக்கில் நின்று பார்ப்பாள்.

மலாயாவில் தம்பின் ஊருக்குப் பக்கத்திலிருந்த அந்த ரப்பர் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன பங்களாவில் அவரைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ரப்பர் மரத்தைச் சாய்த்துப் பட்டாளத்துக்கு நெல் விளைவிக்க வேண்டும். ஆனால் அவர் பட்டாளத்து ஆள் இல்லை. சப்பானில் நாற்பது வீடுள்ள ஒரு மலைக் கிராமத்தின் மன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைத்தவர். அரைகுறை மலாயில், மண்ணில் வயல் வரைந்து, ஆட்களை மேய்க்கிற மண்டோர் ஆறுமுகத்திடம் இதைச் சொல்லியிருந்தார்.

"வாயத் தொறக்கவே கூச்சப்படுறாரு, இவருக்கு எவன் பதவி குடுத்தான்?" என்று ஆறுமுகம் சிரித்தார்.

குட்டையான மனிதர். பங்களா நிறைய நாற்காலி கிடக்க, படிக்கட்டில் உட்கார்ந்துதான் மரவள்ளிக்கிழங்கு தின்பார். ஓடைத் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி, நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார்.

அந்த ஓடையிலிருந்து வயலுக்கு வாய்க்கால் வெட்ட இருபத்திரண்டு ஆண்கள். ராக்கம்மாவின் புருஷன் சன்னாசியும் அதில் ஒருவன். வெட்டி முடித்ததும் ஒகுமுரா கயிறு பிடித்துப் பார்த்து, "பெலும்" என்றார். இன்னும் முடியவில்லை என்று மலாயில் அர்த்தம். மூடிவிட்டு நாலடி தள்ளி மறுபடி வெட்டச் சொன்னார். இப்படி மூன்று முறை.

"மரை கழண்ட ஆளுலா. ஊருல ஆத்தையே நிமித்தியிருப்பாரு," என்று சன்னாசி பிய்ந்த உள்ளங்கையை ஊதிக்கொண்டான். எண்ணெய் தடவிவிட்ட ராக்கம்மாவும் வாய்க்குள்ளேயே திட்டினாள்.

ஒருநாள் காலையில் லாரி வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிற லாரி. முன்பு அதில் ஏறிய ஒன்பது பேரில் ஒருவரும் திரும்பவில்லை.

கீரை பறித்துக்கொண்டிருந்த ராக்கம்மா எழுந்து பார்த்தாள். லாரியிலிருந்து இறங்கிய, கத்தி கட்டிய சப்பான் அதிகாரியின் முன்னால் ஒகுமுரா குனிந்தார். பாதி மூடிக்கிடந்த வாய்க்காலைக் காட்டினார், காய்ந்த வயலைக் காட்டினார், இருபத்திரண்டு பேரையும் காட்டினார். அதிகாரி ஓங்கி அறைந்தான். விழுந்த தொப்பியை எடுத்துக்கொண்டு அவர் மறுபடியும் குனிந்து, மறுபடியும் வாய்க்காலைக் காட்டினார். கன்னம் சிவந்திருந்தது. குரல் உயரவேயில்லை.

லாரி காலியாகத் திரும்பி, அடுத்த தோட்டத்துக்குப் போனது. சாயங்காலம் அந்தப் பக்கமிருந்து பெண்களின் ஒப்பாரி கேட்டது. ஒகுமுரா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கிழங்கு ஆறிக் கிடந்தது.

பத்து நாளில் வாய்க்கால் நூல் பிடித்தாற்போல முடிந்தது. லாரி திரும்ப வருகிறது என்று தம்பின் சந்தையில் பேச்சு. "இனி எதைக் காட்டுவாரு?" என்று ராக்கம்மா புருஷனைக் கேட்டாள். அவன் மண்வெட்டியில் ஒட்டியிருந்த சேற்றை வழித்துக்கொண்டிருந்தான்.

விடிந்ததும், ஆட்கள் கூடியிருந்த வாய்க்காலுக்கு ஒகுமுரா வந்தார். கரைமேல் ஏறி, குதிகாலை ஊன்றி, ஈரம் காயாத மண்ணை ஓங்கி மிதித்தார். கரை சரிந்து வாய்க்காலுக்குள் விழுந்தது. பிறகு தொப்பியைக் கழற்றி, சன்னாசியின் மண்வெட்டியை இரண்டு கையாலும் எடுத்து அவனிடம் நீட்டியபடி குனிந்தார்.