என் இடது காலைத் தண்டித்தது முருகன் அல்ல

1952ஆம் ஆண்டு தைப்பூசத்துக்கு நான் நேர்ந்துகொண்ட காவடியை எடுக்கவில்லை. கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசு போட்ட அவசரகாலம், கோலா பிலா பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. வெளியே போக பாஸ் வேண்டும். எனக்குக் கிடைக்கவில்லை. எங்களை வேலை வாங்கும் மண்டோர் ராமண்ணனுக்குக் கிடைத்தது. அவர்தான் எங்கள் கால்பந்துக் குழுத் தலைவர்.

மாசி மகத்துக்கு மறுநாள், ஆட்டத்தின் நடுவே என் இடது முழங்கால் மடங்கியது. விழுந்தேன். அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் அப்படியே.

"நேர்த்திக்கடன வச்சிக்கிட்டு ஆடுனா சாமி சும்மா விடுமா? நீ வெளியே நில்லுலா," என்றார் ராமண்ணன்.

நாங்கள் குடியிருந்த லயமே அதை நம்பியது. என் மனைவி லெட்சுமியும் நம்பி அழுதாள். குழுவை இழந்ததைவிட அதுதான் வலித்தது.

அன்று மாலை கோயிலில் நின்று சண்டை போட்டேன். முருகா, பாஸ் இல்லாதவனை அடிக்கிற தெய்வம் நீ என்று ஒப்பமாட்டேன். அடித்தது நீ இல்லையென்றால் எனக்குக் காட்டு. காட்டும்வரை நகரமாட்டேன் என்றேன். ஊரடங்கு மணி அடித்ததும் நகர்ந்தேன், வேறு வழியில்லை.

மூன்றாம் நாள், ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாரிடம் இரவல் வாங்கிய பழைய தேகப்பயிற்சிப் புத்தகத்தில் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. ஒற்றைக் காலில் மூன்று முறை தாவி, தூரத்தை அளக்க வேண்டும். பிறகு மறுகால். அளந்தேன். வலது பதினேழு அடி. இடது பதினான்கு. மனமுடைந்து உட்கார்ந்திருந்தபோதுதான், மற்றவர்களையும் அளந்தால் என்ன என்று தோன்றியது. அந்த நினைப்பு என்னுடையது அல்ல.

ஞாயிறன்று மற்ற பத்துப் பேரையும் தாவச் சொன்னேன். கேலி பேசிக்கொண்டே தாவினார்கள். ஆபீசிலும் புகைக்கூடத்திலும் வேலை செய்யும் மூவருக்கு இரு கால்களும் ஏறக்குறைய சமம். பால்வெட்டும் ஆறு பேருக்கும் இடது குறைவு. விடியலிலிருந்து வலது காலில் பாரம் போட்டு, குனிந்தே மரத்தைச் சுற்றுகிறவர்கள் நாங்கள். கடைசியில் ராமண்ணன். மண்டோராவதற்கு முன் பத்து வருஷம் பால் வெட்டியவர்.

"அண்ணே, ஒங்களுக்கு ரெண்டரை அடி கொறையுது. நீங்கதான் காவடி எடுத்தீங்களே?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அவர் சிரிக்கவில்லை. அளவு நாடாவைத் தாமே பிடித்து மறுபடி பார்த்தார்.

"சரி, இதுக்கு என்னாடா செய்யணும்?"

இடது காலால் மட்டும் லயத்துப் படியில் ஏறி இறங்கினோம். ஏழு வாரம். சித்திரைக் கடைசி ஞாயிறன்று என் இடது கால் பதினாறு அடியைத் தாண்டியது. அடுத்த ஆட்டத்தில் கடைசி ஊதல்வரை ஆடினேன். தோற்றோம். முழங்கால் மடங்கவில்லை. பார்க்க வந்த லெட்சுமி, வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பந்தைத் தடுக்கத் தவறிய எங்கள் கோல்காரரைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

அன்பர்களே, உங்கள் நோயைக் காட்டி இது சாமி குத்தம் என்று யார் சொன்னாலும் தலை குனியாதீர்கள். நேரே முருகனிடமே போய்க் கேளுங்கள். நான் கோபமாகத்தான் கேட்டேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை.