ஒரே ஊர் ரீம்

போன வாரம் ஸ்ரௌவ்வில்லில் மகள் வாங்கிய புது வீட்டின் பேஸ்மன்ற்றுக்குக் கம்பளம் விரிக்க இரண்டு பேர் வந்தார்கள். சுருளை அவிழ்த்து உதறியதும் அதன் அடிப்பக்கத்து ரப்பர் மணம் குசினி வரைக்கும் ஏறி வந்தது. மகள் "ஐயோ, கெமிக்கல்" என்று யன்னலைத் திறந்தாள். நான் கரண்டியை வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனேன். விரித்த கம்பளத்தின் நடுவில் சின்னதாக ஒரு மேடு தெரிந்தது. உள்ளங்கையால் தடவி அமர்த்தலாம் என்று முழங்காலிட்டுக் குனிந்தேன். குனிந்தது நானாகத்தான். எழும்புவதற்கு அந்த இரண்டு பேரும் தேவைப்பட்டார்கள்.

"அம்மா, ப்ளீஸ், டோன்ற் நீல்! அவையள் பாப்பினம்தானே."

அவையள் பார்ப்பார்கள். ஆனால் கம்பளத்தில் மேடு இருந்தால் பந்து விலகிப் போகும் என்று அவர்களுக்கு யார் சொல்வது? இந்த வீட்டில் யாரும் பந்து உருட்டப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆறு வருடம் செவ்வாய்க்கிழமை தோறும் செய்த வேலை, கை தானாகப் போய்விட்டது.

கார்ப்பெற் போல்ஸ் என்ற விளையாட்டை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. குளிர்காலத்தில் புல்வெளியில் விளையாட முடியாத வயதுபோன வெள்ளைக்காரர்கள் மண்டபத்துக்குள் நீளப் பச்சைக் கம்பளம் விரித்து விளையாடுவது. முதலில் ஜாக் என்கிற சின்ன வெள்ளைப் பந்தை உருட்டிவிட வேண்டும். பிறகு ரீம் என்று நாங்கள் சொல்லும் இரண்டு அணியும் தங்கள் பந்துகளை அதற்குக் கிட்டக் கொண்டுபோய் நிறுத்தப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பந்துகளில் ஒரு பக்கம் பாரம் கூட. நேரே விட்டால் நேரே போகாது. வளைத்து விட்டால்தான் போக வேண்டிய இடத்துக்குப் போகும். இதைப் பிடிக்கவே எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் போனது.

அப்போது நாங்கள் வெக்ஸ்போர்ட்டில் ஒரு அப்பார்ட்மன்ற் கட்டடத்தில் இருந்தோம். முதியோர் இல்லமொன்றில் நான் பராமரிப்பு வேலை செய்தேன்; செவ்வாய் எனக்கு ஓய்வு நாள். பேர்தான் ஓய்வு. உடுப்புத் தோய்த்து, சமைத்து, மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவர அது முடிந்துவிடும். எட்டாம் மாடியில் இருந்த மணி அக்காதான் ஒருநாள் லிஃப்டுக்குள் வைத்து என்னைப் பிடித்தார். "பிள்ளை, உமக்கு இங்கிலிஷ் தெரியும்தானே. சேர்ச் ஹோலில ஒரு விளையாட்டு நடக்குது. நாலு பேர் வேணுமாம். நாங்கள் மூண்டு பேர் நிக்கிறம்."

அந்த மூன்று பேர் மணி அக்கா, அவருடைய புருஷன் யோகம் அண்ணை, யோகம் அண்ணையின் பால்ய சிநேகிதர் துரை அண்ணை. மூவரும் யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் ஒரே ஊர். நான் மன்னார், அதுவும் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பிள்ளை. அவர்கள் ஊர்க்கதை கதைக்கத் தொடங்கினால் எனக்கு ஒரு பெயரும் விளங்காது. இருந்தாலும் நாலாவது ஆளாகப் போனேன். போன இரண்டாம் மாதமே என்னை லீக்கின் செக்ரெற்றரி ஆக்கிவிட்டார்கள். இங்கிலிஷ் தெரிந்த குற்றத்துக்குத் தண்டனை.

லீக்கை நடத்தியது மார்கிரட் என்ற ஸ்கொட்லாந்துக் கிழவி. ஏழு பக்கத்தில் விதிகளைத் தானே ரைப் பண்ணி வைத்திருந்தார். வெளிச் சப்பாத்தோடு கம்பளத்துக்குக் கிட்ட வரக்கூடாது. அளந்து முடியுமுன் எந்தப் பந்தையும் தொடக்கூடாது. இது மணி அக்காவால் கடைசிவரைக்கும் ஏலாமல் போனது. ஒரு சாமான் நிலத்தில் கிடந்தால் எடுத்து ஓரமாக வைக்காமல் அவரால் நிற்க முடியாது. எதிராளிகள் அளவுநாடாவை எடுப்பதற்குள் பந்துகளெல்லாம் பெட்டிக்குள் போய்விடும். "வீட்டிலயும் உப்பிடித்தான். குடிச்சு முடியமுதல் கப் சிங்குக்குள்ள" என்பார் யோகம் அண்ணை.

துரை அண்ணைதான் எங்கள் ஸ்கிப். ஸ்கிப் என்றால் கம்பளத்தின் மறு முனையில் நின்று எங்கே விடவேண்டும் என்று கைகாட்டுகிறவர். அவர் ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். இங்கே வந்து பன்னிரண்டு வருடம் ஒரு கட்டடத்தில் கூட்டித் துடைத்துவிட்டு ஓய்வு பெற்றிருந்தார். மனைவி இல்லை. மகனோடு இருந்தார். அந்த வீட்டில் அவர் பேசி நான் கேட்டதில்லை. பிள்ளைகளின் ரீவிச் சத்தத்துக்கு நடுவில் ஒரு கதிரையில் இருப்பார். அதே மனிதர் செவ்வாய் ஒருமணிக்கு அந்த முனையில் நின்று "உள்பக்கம்! பிள்ளை, உள்பக்கம்! மெல்ல!" என்று குரல் வைத்தால் மற்ற மூன்று கம்பளக்காரரும் திரும்பிப் பார்ப்பார்கள். போல்ஸுக்கென்று தனிச் சப்பாத்து வைத்திருந்தார். அதைத் துணிப்பையில் போட்டுக் குழந்தையைத் தூக்குவதுபோல் கொண்டுவருவார். லீக் அட்டவணை அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தது. மருமகள் ஒருநாள் அதை எடுத்துவிட்டாளென்று இரண்டு நாள் சாப்பிடவில்லையாம்.

இனி என்னுடைய கெட்டித்தனத்தைச் சொல்ல வேண்டும். ஒரு ரீமில் நாலு பேர். ஒருவர் வராவிட்டால் ஸ்பெயர் லிஸ்ற்றில் பெயர் கொடுத்த ஆள் இறங்கலாம். அந்தப் பட்டியலைப் பருவம் தொடங்கும்போதே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், பிறகு மாற்ற முடியாது. ஸ்பெயரும் இல்லாவிட்டால் மூன்று பேரோடு விளையாடலாம். முதல் இருவர் மூன்று பந்து விடுவார்கள், ஸ்கிப் இரண்டு. மூன்றுக்குக் குறைந்தால் டிஃபோல்ற், அதாவது விளையாடாமலே தோல்வி. ஒரு பருவத்தில் மூன்று டிஃபோல்ற் விழுந்தால் ரீம் லீக்கிலிருந்து வெளியே. கடைசி வருடம் எங்கள் ஸ்பெயர் லிஸ்ற்றை நான்தான் நிரப்பினேன். ஆறு பெயர், ஆறும் அவர்களுடைய ஊர். மார்கிரட் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, தங்கள் ஆட்களிலும் இரண்டு பேரைச் சேர், எல்லோரும் ஒரே காரிலா வருவார்கள் என்று கேட்டார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. எங்களுக்கு எங்கள் ஆட்கள் போதும் என்று சொன்னேன். எங்கள் ஆட்களாம்! மன்னார்க்காரி சொன்ன கதை.

முதல் டிஃபோல்ற், ஊரிலிருந்து வந்த ஒருவரைக் கூட்டிவர எல்லோருமாக எயர்போர்ட்டுக்குப் போன நாள். ஒரு ஆளைக் கூப்பிட மூன்று கார். இரண்டாவது, யாரோ செத்ததன் முப்பத்தோராம் நாள் சாப்பாடு. ஒருவருக்கு ஒன்று நடந்தால் ஊர் முழுக்கப் போகும் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. பட்டியலோ சுவரில் குத்தியாகிவிட்டது.

மாசிமாதக் கடைசியில் கந்தப்பு மாமா என்று அவர்கள் எல்லோரும் கூப்பிடும் ஒருவர் செத்துப்போனார். தகனம் செவ்வாய் பதினொன்றரைக்கு, எங்கள் ஆட்டம் ஒருமணிக்கு. ஆட்டத்தைத் தள்ளிவைக்க ஒரு வாரத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும் என்பது விதி. கந்தப்பு மாமா ஒரு வாரத்துக்கு முன்பே அறிவிக்கவில்லை.

திங்கள் மத்தியானம் துரை அண்ணைக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"செத்தவீட்டில நிக்காமல் ஏலாது பிள்ளை. சனம் பாக்கும்."

"எரிச்சவுடன வெளிக்கிட்டாலும் பஸ்ஸில வந்திடலாம் அண்ணை. இதோட மூண்டாவது. ரீம் போச்சு."

ஆட்களை எண்ணிப் பார்த்தார். பிறகு, "நீரும் நானும் ரெண்டு பேர்தானே. ரெண்டு பேரோட விடமாட்டினமே?" என்று கேட்டார்.

"யோகம் அண்ணையும் வாறாராம்" என்றேன்.

யோகம் அண்ணையை நான் கேட்கவே இல்லை. பிறகு கேட்கலாம், கேட்டால் வருவார் என்று நினைத்துச் சொன்னது. இன்றைக்கும் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதோடு விட்டேனா? "ரெண்டு பேரும் சேந்து வெளிக்கிட்டால் சனம் கதைக்கும். அங்கை ஒண்டும் கதைக்காதேங்கோ, தனித்தனியா வாங்கோ" என்று புத்தியும் சொன்னேன்.

"அவன் வாறானெண்டா நானும் வாறன்" என்றார் துரை அண்ணை.

அன்று பின்னேரம் யோகம் அண்ணை வீட்டுக்கு எடுத்தேன், யாரும் எடுக்கவில்லை. செவ்வாய் காலை மணி அக்கா எடுத்தார். நான் போல்ஸ் என்று வாயைத் திறக்கவும், "என்ன பிள்ளை, பிரேதம் கிடக்கேக்கை உதே கதை?" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டார். அதற்குப் பிறகு யோகம் அண்ணையைக் கூப்பிடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. துரை அண்ணைக்கு எடுத்து வரவேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவர் புறப்பட இன்னும் நேரம் இருந்தது. ரெலிபோன் என் கையில்தான் இருந்தது. நான் சொல்லவில்லை. எப்படியாவது சரிவரும் என்று இருந்துவிட்டேன்.

ஒருமணி. எதிர் ரீம் நாலு பேரும் சப்பாத்து மாற்றிக்கொண்டு நின்றார்கள். பிந்தி வருகிறவர்களுக்குப் பதினைந்து நிமிடம் பொறுப்பார்கள். ஒன்று பத்துக்குத் துரை அண்ணை வந்தார். கறுத்தக் கோட்டு, நெற்றியில் விபூதி, கையில் துணிப்பை. சுடலைக்கும் அந்தப் பையோடுதான் போயிருக்கிறார், கோட்டுக்குள் வைத்து.

"சுடலையால தோயாமல், குளிக்காமல் வந்து நிக்கிறன் பிள்ளை. பரவாயில்லையோ?"

"எங்கட வேதத்தில உதெல்லாம் இல்லை அண்ணை."

கதிரையில் இருந்து சப்பாத்தை மாற்றினார். கதவைப் பார்த்தார். "யோகம் எனக்கு முதலே வெளிக்கிட்டிருப்பான். நான் வெளிக்கிடேக்கை ஆளை அங்கை காணேல்லை" என்றார். நான் அளவுநாடாவை இழுப்பதும் விடுவதுமாக நின்றேன். மார்கிரட் மணிக்கூட்டைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒன்று பதினைந்தானதும் உடனே வரவில்லை; இரண்டு மூன்று நிமிடம் கோப்பிக் கோப்பைகளை அடுக்குவதுபோல் நின்றுவிட்டுத்தான் வந்தார். மன்னித்துக்கொள் என்று என் தோளில் கை வைத்தார். செக்ரெற்றரி நான். டிஃபோல்ற் என்று என் கையாலேயே எழுதினேன்.

துரை அண்ணை மாற்றிய சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினார். நூல் முடிச்சு விழுந்துவிட்டது. குனிந்து நான் அவிழ்த்துவிட்டேன். லோரன்ஸ் பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வந்தோம். இறங்குவதற்கு முந்திய தரிப்பில் கேட்டார்.

"அவன் உமக்குத் தன்ரை வாயாலயே சொன்னவனோ?"

"ஓம் அண்ணை" என்றேன்.

முதலாவது பொய்யை அவசரத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதை நிதானமாகத்தான் சொன்னேன். நான் நல்லவளாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வேறு காரணம் இல்லை.

செத்தவீட்டிலிருந்து பந்து உருட்டப் போனவன் என்று ஊர்ச்சனம் அவரை ஒரு வருடத்துக்கு மென்றது. அதை அவர் தாங்கிக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். யோகம் அண்ணையோடு மட்டும் கதைப்பதை விட்டுவிட்டார். கோயிலில் கண்டால் மற்றப் பக்கத்தால் போவார். வெட்கத்தில் ஒதுங்குகிறான் போல, தானாக வரட்டும் என்று யோகம் அண்ணை இருந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்து, ஒரே கப்பலேறிக் கொழும்புக்குப் போய், ஒரே கட்டடத்தில் கூட்டித் துடைத்த இரண்டு பேர். நான் இருவருடைய வீட்டுக்கும் போய்வந்துகொண்டுதான் இருந்தேன். தேத்தண்ணி குடித்தேன். அடுத்த முறை சொல்லலாம், அடுத்த முறை சொல்லலாம் என்று ஏழு வருடம் போனது.

துரை அண்ணை ஒரு கோடையில் போனார். உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தில் பின்வரிசையில் யோகம் அண்ணை எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். நடக்கப் பிடிக்கிற வோக்கரை மடித்து முழங்காலோடு சாய்த்து வைத்தார். கனநேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, துரை என்னோட ஏன் கதையாமல் விட்டவன்? நீர் அவனோட நல்ல வாரப்பாடுதானே. உமக்கு ஏதும் சொன்னவனோ?"

"இல்லை அண்ணை. எனக்குத் தெரியாது."

"நான் என்ன பிழை விட்டனெண்டு யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறன். ஒண்டும் பிடிபடேல்லை" என்றார். அழவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

இப்போது அந்த மண்டபத்தை இடித்துவிட்டார்கள்; கொண்டோ மாடிக்கட்டடம் வருகிறதாம், பலகை நட்டிருக்கிறது. மற்ற ரீம்களில் ஒவ்வொருவராகக் குறைந்து லீக் நின்றுபோனது. மார்கிரட் மகளோடு மேற்குப் பக்கம் போய் இரண்டு நத்தாருக்குக் கிறிஸ்மஸ் வாழ்த்தட்டை போட்டார், மூன்றாவது நத்தாருக்கு வரவில்லை. மணி அக்கா லண்டனில் மகனோடு இருக்கிறார். யோகம் அண்ணையும் போய் இந்த மார்கழியோடு இரண்டு வருடம். கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோதும், என் கையைப் பிடித்துக்கொண்டு அதையேதான் கேட்டார். சோர்ந்துபோகாதேங்கோ அண்ணை, பிறகு கதைப்பம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இனி என்னிடம் அதைக் கேட்க ஒருவரும் இல்லை.