எலியேசர் அத்தான் கட்டிய நாற்பத்தாறு பெட்டிகள்

என் அக்காள் எப்சியைக் கட்டிய எலியேசர் அத்தானின் கையில் இதுவரை ஒரு கண்ணாடிச் சாமானும் உடைந்ததில்லை. இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்லிக்கொள்வார். வள்ளியூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் முப்பத்தொரு வருஷம் உதவியாளர். குடுவைகளையும் பிப்பெட்டுகளையும் பஞ்சில் பொதிந்து பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். பிள்ளைகள் பிப்பெட்டைப் புத்தகப் படத்தில் பார்த்தே பாஸானார்கள். பிறகு எப்படி உடையும்?

ஓய்வு பெற்றதும் பாளையங்கோட்டையில் சொந்தமாக ஒரு வீடு வாங்கினார். சாமான் ஏற்றுகிற அன்றைக்குச் சாயங்காலமே அங்கே பிரதிஷ்டை ஜெபம். அதில் வேதாகமத்திலிருந்து சங்கீதம் வாசிக்கப்போவது தான்தான் என்று அக்காள் ஒரு வாரமாகச் சத்தம்போட்டு வாசித்துப் பழகினாள். வாடகை வீடுகளிலேயே கிழவியாகிப்போனவளுக்கு அந்த ஒரு ஆசைதான்.

சாமான் கட்ட அத்தான் யாரையும் விடவில்லை. டம்ளருக்கு மூன்று தாள், கிண்ணத்துக்கு ஐந்து தாள். எல்லாப் பெட்டியிலும் ‘கண்ணாடி, கவனம்’ என்று சிவப்பு மையால் எழுதினார். தலையணைப் பெட்டியிலும் அதேதான். அப்படி எழுதினால்தான் லோடு ஏற்றுகிறவன் தூக்கிப் போடமாட்டானாம். என்ன மூளை பாருங்கள்.

புறப்படுகிற அன்று காலையில் அக்காள் தன் பல் செட்டைத் தேடினாள். இரவு கழற்றித் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டு வைத்திருந்தாள். அத்தான் அதையும் துடைத்து, பஞ்சு சுற்றி, ஏதோ ஒரு பெட்டிக்குள் பத்திரப்படுத்திவிட்டிருந்தார். வண்டி குலுங்கி வாயிலிருந்து விழுந்தால் உடைந்துபோகும், அங்கே போனதும் எடுத்துத் தருகிறேன் என்றார். பெண்டாட்டி வாயைவிட அட்டைப்பெட்டி பத்திரம் என்று நினைத்த மனுஷனை அன்றுதான் பார்த்தேன்.

போய்ச் சேர்ந்ததும், எந்தப் பெட்டி என்று அவருக்கே தெரியவில்லை. நாற்பத்தாறு பெட்டி, நாற்பத்தாறிலும் கண்ணாடி. நாடாவை பிளேடால் அறுத்து, தாள் தாளாகப் பிரித்து, மடித்து அடுக்கிவிட்டுத்தான் அடுத்த பெட்டியைத் தொட்டார். பொறுக்கமாட்டாமல் நான் ஒன்றைக் கிழிக்கப் போனேன்.

“பைய லே, உள்ள கண்ணாடி இருக்கு” என்று கையைத் தட்டிவிட்டார். பிரித்துப் பார்த்தால் பழைய செருப்பு.

ஆறு மணிக்குள் ஒன்பது பெட்டிதான் ஆயிற்று. குருவானவரும் சபையாரும் வந்துவிட்டார்கள். அக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களை வாசலில் நின்றாள். அத்தான் எழுந்து, ஒரு டம்ளர்கூட உடையாமல் கொண்டுவந்து சேர்த்த கர்த்தருக்கு நன்றி சொன்னார். எனக்கு அவரை அறையவேண்டும்போல் இருந்தது. எப்சியால் இன்றைக்கு முடியாது, நானே வாசிக்கிறேன் என்று வேதாகமத்தை வேறு திறந்தார்.

அக்காள் வந்து அதை அவர் கையிலிருந்து வாங்கினாள். முந்தானையை விட்டாள்.

“நாந்தான் வாசிப்பேன். நீங்க உக்காருங்க.”

சங்கீதம் அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது. புத்தகத்தைப் பார்க்காமல் அத்தான் முகத்தைப் பார்த்தே, பல்லில்லாத வாயால் எட்டு வசனத்தையும் சொன்னாள். பாதி வார்த்தை காற்றாகப் போயிற்று. யாரும் சிரிக்கவில்லை. அத்தான் அவளைப் பார்க்காமல், பிரிக்காத பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.