நான் வாசிக்காத இரண்டாம் வரி

வயிற்றுக்கட்டின் கீழ் ஓரம் நக அளவுக்கு எழும்பி நனைந்திருந்தது. குடல் அறுவைக்குப் பின் தாராவி வீட்டுக்குத் திரும்பிய நான்காம் நாள் அது. காசநோயால் சுருங்கி அடைபட்ட குடல்பகுதியை நீக்கி, இரு முனைகளையும் இணைத்திருந்தார்கள்.

அம்மாதான் முதலில் கண்டாள். “ஏளா, பட்டி நனைஞ்சிருக்கு. செம்பூர் போயி டாக்டர்ட்ட காட்டிருவோம்.”

இரண்டு நாளில் மாட்டுங்காவில் சொற்போர் இறுதிச்சுற்று. நாற்காலியில் அமர்ந்து பேச அனுமதி பெற்றிருந்தேன். மருத்துவமனைக்குப் போனால் திரும்ப விடமாட்டார்கள் என்று அஞ்சினேன்.

அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. மருத்துவமனைச் சீட்டை எடுத்து, மேற்கோள் காட்டும் மேடைக் குரலில் மொழிபெயர்த்தேன்: ‘கட்டை நீங்களாகத் திறக்கக் கூடாது.’ கிருமி புகாமல் காப்பதே கட்டு. அதைச் சீண்டுவதே ஆபத்து என்று வாதங்களை அடுக்கினேன்.

“பேசியே ஆள முழுங்கிருவா” என்றபடி அம்மா அடுப்புக்குத் திரும்பினாள்.

அடுத்த வரியை நான் வாசிக்கவில்லை.

இறுதிச்சுற்று நாளின் காலையில் உடல் காய்ச்சலில் உதறியது. வயிற்றுக்கட்டிலிருந்து நாற்றம் வந்தது. செம்பூரில் மருத்துவர் தையலைப் பிரித்ததும் சீழ் வழிந்தது.

“எப்பலேர்ந்து ஈரம்?”

அம்மா முந்திக்கொண்டாள். “நேத்துதான் டாக்டர். நான்தான் கவனிக்கல.”

“சரியாச் சொல்லுங்கோ. உள்ள குடல் இணைப்பு விட்டிருந்தா மறுபடி திறக்கணும். ஸ்டோமா வைக்க வேண்டிவரும்.” (ஸ்டோமா: மலம் பைக்குள் வெளியேற வயிற்றில் அமைக்கும் வழி.)

“ரெண்டு நாளாச்சு. அம்மா அன்னைக்கே சொன்னா. நான்தான் வரமாட்டேன்னேன்.”

நான் ஆற்றிய மிகச் சிறிய உரை அதுதான்.

ஸ்கேன் அறைக்கு வெளியே, தள்ளுகட்டிலில் கிடந்தபடி, மறைத்த வரியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்: ‘கட்டு நனைந்தாலோ ஓரம் எழும்பினாலோ உடனே வரவும்.’

“அப்ப நான் சொன்னதத்தான் டாக்டரும் எழுதியிருக்காவளா?”

தலையசைத்துவிட்டு, சீட்டை அவள் கையில் கொடுத்தேன்.

இணைப்பு கசியவில்லை. ஆனால் புண்ணை மூடாமல் விட்டார்கள். அடியிலிருந்து சதை வளர்ந்து நிரம்பும்வரை, தினமும் உப்புநீரில் நனைத்த துணியை உள்ளே திணித்துக் கட்ட வேண்டும். பழைய துணியை இழுக்கும்போது கத்தவும் முடிவதில்லை. கத்துவதற்கும் வயிறு வேண்டும். எத்தனை வாரம் என்று எவரும் சொல்லவில்லை.

இதே நிலையில் இதை வாசிப்பவரே, கட்டு நனைந்தால் வாதாடாதீர்கள். போய்விடுங்கள்.

அடிவயிற்றிலிருந்து குரலெழுப்பப் பயின்றவள் நான். இன்று தும்மலுக்கும் அதைக் கையால் தாங்குகிறேன். என் நாள் ஒரு கட்டோடு தொடங்கி அடுத்த கட்டோடு முடிகிறது. நர்ஸ் துணியை எடுத்ததும் அம்மா குனிந்து பார்க்கிறாள். நான் புண்ணைப் பார்ப்பதில்லை. அவள் முகத்தை வாசிக்கிறேன், ஒரு வரியும் விடாமல்.